முன் ஷொக் அப்சோபர் மாற்றப் போகிறீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பின் படுவான்கரைக் கிறவல் வீதிகளில் ஓடும் பழைய டிஃபெண்டர், லேண்ட் குரூசர் வாகனங்களுக்கு இரும்பு பம்பரும், சேற்றில் புதைந்தால் இழுத்தெடுக்கும் வின்ச்சும் பூட்டிவிட்டு, முன்பக்கம் தாழ்கிறது என்றதும் தடித்த ஷொக் அப்சோபர் போடச் சொல்கிறார்கள் சில கராஜ்காரர். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளாமல் அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. ஸ்பிரிங்கை விட்டுவிட்டு ஷொக்கை மட்டும் மாற்றினால் காசுதான் போகும்.

அலையலையாய்க் கிடக்கும் கிறவலில் நெடுநேரம் ஓடினால் ஷொக்கின் உள்ளே எண்ணெய் சூடேறி நுரைத்து, துள்ளலை அடக்காமல் போய்விடும். நைட்ரஜன் வாயு அடைத்த ஷொக்கில் அந்த நுரைப்பு குறைவு. வாகனத்தை உயர்த்தியிருந்தால் ஷொக்கின் நீளமும் பார்த்து, இடம் வலம் இரண்டையும் சோடியாய் மாற்றுங்கள். ஷொக்கைப் பூட்டும் இடத்து ரப்பரான புஷ் தேய்ந்திருக்க, அதோடு புது ஷொக்கைப் பூட்டுவதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல்! அப்புறம், எண்ணெய் கசிந்து புழுதி அப்பிய பழைய ஷொக்கைத் துடைத்து விற்பார்கள், வாங்காதீர்கள்.

வாசகர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.