தேனியில் ஆபீஸ் போடப்போகும் மாப்ளைக்கு

ஈரோடு
அக்டோபர் 5, 2025

மாப்ளே,

நீ ஆகஸ்டில் எழுதியதற்கு இப்போதுதான் பதில். வருமான வரி ரிட்டர்ன் சீசனில் என்னிடமிருந்து கடிதம் வராது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் இவ்வளவு நாள் இழுத்தது தப்புதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். டேலி மென்பொருளில் கணக்கு எழுதும் நம்ம ‘டேலி அக்கா’ உன்னை விசாரித்தார். சென்னை போனதிலிருந்து போனில் ‘யா, யா’ என்கிறாயாம், அதை நிறுத்தச் சொன்னார். தேனியில் அது செல்லாது.

கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக வரி ஆபீஸ் போடலாமா, சீசன் உண்மையில் எப்படி என்று கேட்டிருந்தாய். ரிட்டர்ன் போட செப்டம்பர் 15 வரை நேரம் கொடுத்தார்களே, பிறகு என்ன புலம்பல் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாய். அந்த வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

ஜூலை 31-ஐ செப்டம்பர் 15 என்று மாற்றி மே 27-லேயே அறிவித்துவிட்டார்கள். படிவங்களில் மாற்றம் நிறைய, அதற்கேற்ப யூடிலிட்டி (படிவத்தை நிரப்பத் துறை தரும் மென்பொருள்) தயாராக வேண்டும் என்ற காரணம் நியாயமானது. ஆனால் யூடிலிட்டி எப்போது கைக்கு வந்தது? எளிய கணக்குக்கான ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்களுக்கு மே கடைசியில். ஐடிஆர்-2, ஐடிஆர்-3 எக்செல் ஜூலை 11-இல். கூட்டு நிறுவனங்களுக்கான ஐடிஆர்-5 ஆகஸ்டில். அதாவது, பங்கு விற்றவரும் வியாபாரம் செய்பவரும் ஜூன் மாதமே எல்லாப் பேப்பரையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாலும் நாம் கணக்குப் போட்டு வைக்கலாமே தவிர ஃபைல் பண்ண முடியாது. கிளையன்ட் மனதில் ‘இன்னும் நாள் இருக்கு’ என்பது மட்டும் மே மாதமே பதிந்துவிட்டது. பேப்பர் ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது.

அப்புறம் அந்தத் தேதியைப் பார். செப்டம்பர் 15 அட்வான்ஸ் டாக்ஸ் இரண்டாம் தவணை. வருஷ வரியில் 45 சதவீதம் அன்றைக்குள் கட்டியிருக்க வேண்டும். 7-ஆம் தேதி டிடிஎஸ் (கொடுக்கும் பணத்தில் பிடித்த வரி) கட்டணும், 11-ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டும் 3பி. ஜூலை 31-இலும் டிடிஎஸ் காலாண்டு ரிட்டர்ன் வந்து இடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜூலையோடு முடிந்தால் ஆகஸ்டும் செப்டம்பரும் ஆடிட் ஃபைல்களுக்குக் கிடைக்கும். இந்த வருஷம் அந்த இரண்டு மாதமும் போய்விட்டது. செப்டம்பர் 15 நள்ளிரவு நெருங்கும்போது இன்னும் ஒரே ஒரு நாள் என்று 16 வரை நீட்டித்தார்கள். அதிலும் நடுராத்திரி 12-லிருந்து 2.30 வரை போர்ட்டல் பராமரிப்பு. முடிந்ததா என்றால் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. கடைக்காரர் எல்லோரும் பில்லிங் மென்பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆடிட் ரிப்போர்ட் கெடுவையும் செப்டம்பரிலேயே அக்டோபர் 31-க்குத் தள்ளினார்கள்.

போன வருஷம் ஜூலை 31 வரை தாக்கலானவை 7.28 கோடி. அதில் 69.92 லட்சம் அந்தக் கடைசி ஒரு நாளில் மட்டும். தேதியை எங்கே நகர்த்தினாலும் அந்தக் கூட்டமும் கூடவே நகரும். ஏப்ரல் 1 அன்று எல்லா யூடிலிட்டியும் தயாராக இருந்தால் எந்த நீட்டிப்பும் எனக்கு வேண்டாம். சங்கத்தில் மனு எழுதும்போதெல்லாம் நான் வாதாடுவது இதற்காகத்தான்.

சரி, மேஜைக்கு வருவோம். ‘சம்பளம் மட்டும்தான் சார், ஃபார்ம் 16 இருக்கு, பத்து நிமிஷ வேலை’ என்று வருபவர்தான் அதிக நேரம் எடுப்பார். ஏஐஎஸ் (அவர் வருமானம் பற்றித் துறை சேர்த்து வைத்திருக்கும் ஆண்டு விவரப் பட்டியல்) திறந்தால் நாலு வங்கி வட்டி, டிவிடெண்ட், மியூச்சுவல் ஃபண்ட் விற்பனை எல்லாம் இருக்கும். ஐடிஆர்-1-இல் இந்த வருஷம் பங்கு, ஃபண்ட் விற்ற நீண்டகால ஆதாயம் (112ஏ பிரிவு) 1.25 லட்சம் வரை காட்டலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் குறுகியகால ஆதாயம் நூறு ரூபாய் இருந்தாலும் ஐடிஆர்-2-க்குப் போக வேண்டும். விற்ற தேதி ஜூலை 23, 2024-க்கு முன்னா பின்னா என்று பிரிக்க வேண்டும்: முன்னால் என்றால் குறுகியகாலத்துக்கு 15 சதவீதமும் நீண்டகாலத்துக்கு 10-உம், அன்றிலிருந்து 20-உம் 12.5-உம்.

ஏஐஎஸ்-ஐ அப்படியே எடுத்து நிரப்பாதே. இதை அழுத்திச் சொல்கிறேன். பங்கு விற்பனையில் அது காட்டும் தொகை பல இடங்களில் அன்றைய முடிவு விலையை வைத்துப் போட்ட மதிப்பீடு; வாங்கிய விலை காலியாகவே இருக்கும். ஒரு டீமேட்டிலிருந்து தன்னுடைய இன்னொரு டீமேட்டுக்கு மாற்றியதுகூட விற்பனை மாதிரி வந்து நிற்கும். புரோக்கரின் டாக்ஸ் பி அண்ட் எல் (லாப நஷ்ட அறிக்கை) இல்லாமல் அந்த ஷெட்யூலைத் தொடாதே. கூட்டாக விற்ற சொத்தில் முழுத் தொகையும் ஒவ்வொருவர் பேரிலும் ஏறியிருக்கும். தப்பு இருந்தால் ஃபீட்பேக்கில் ‘முழுமையாகச் சரியானதல்ல’, ‘வேறு பான்-க்கு உரியது’, ‘இரட்டைப் பதிவு’ என்று எது பொருந்துமோ அதைக் கொடு. கொடுத்ததற்குச் சான்றையும் வாங்கி வை. இன்னொன்று, ஃபைல் செய்த பிறகும் ஏஐஎஸ் மாறும். அதனால் ஃபைல் செய்யும் அன்று அதன் பிடிஎஃப்-ஐ இறக்கிக் கிளையன்ட் ஃபோல்டரில் போட்டுவிடு. எட்டு மாதம் கழித்து நோட்டீஸ் வரும்போது அந்த ஒரு ஃபைல் காப்பாற்றும்.

அவசரக்காரர் ஏப்ரலிலேயே வந்து நிற்பார். அவரிடமும் பொறுமையாகச் சொல்ல வேண்டும்: நாலாம் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்னும் வங்கிகள் தரும் பெரிய பரிவர்த்தனை விவரமான எஸ்எஃப்டி-யும் மே 31 வரை வரும், ஃபார்ம் 16 ஜூன் 15 வரை. அதற்கு முன்னால் ஃபைல் பண்ணினால் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்-இல் பாதிதான் இருக்கும். டிடிஎஸ் பொருந்தாமல் வரி கட்டச் சொல்லி இன்டிமேஷன் வரும்.

நம்ம ஊர்ப் பக்கம் மட்டும் உள்ள ஒரு தலைவலி இனிஷியல். ஆதாரில் ‘மு. செல்வம்’, பான் கார்டில் அப்பா பேர் முழுசாகக் குடும்பப் பேராக ஏறி ‘செல்வம் முத்தையா’, வங்கியில் ‘செல்வம் எம்’. ரீஃபண்ட் வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு போர்ட்டலில் ப்ரீவேலிடேட் (முன்சரிபார்ப்பு) ஆக வேண்டும், பேர் பொருந்தாவிட்டால் அது நடக்காது. ரிட்டர்ன் சரியாக இருந்தும் பணம் மாதக்கணக்கில் நிற்கும், திட்டு நமக்கு. இதை ஏப்ரல், மே மாதத்திலேயே பார்த்து வை. வங்கியில் பேரைத் திருத்த நாளாகும். ஆதாரோடு இணைந்த நம்பர் யார் கையில் இருக்கிறது என்பதையும் அப்போதே கேள். பென்ஷன் வாங்கும் பெரியவருக்கு ஓடிபி துபாயில் இருக்கும் மகன் போனுக்குப் போகும். ஈ-வெரிஃபை பண்ண 30 நாள்தான். தாண்டினால் வெரிஃபை செய்த தேதியே ஃபைல் செய்த தேதி. நேரத்தில் போட்ட ரிட்டர்ன் தாமத ரிட்டர்ன் ஆகி 234எஃப் பிரிவில் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் ஏறும், 5 லட்சத்துக்குள் வருமானம் என்றால் 1,000.

வியாபாரிகளுக்கு ஒன்று. கழிவுகள் உள்ள பழைய வரி முறைதான் வேண்டும் என்றால் முதலில் 10-ஐஇஏ படிவம், அதன் எண்ணையும் தேதியையும் வாங்கிக்கொண்டு பிறகு ரிட்டர்ன். கெடு தாண்டிவிட்டால் பழைய முறைக்கு வழியே இல்லை. இதைச் செப்டம்பர் 14 இரவு ஞாபகப்படுத்தினால் யாருக்கும் மண்டையில் ஏறாது.

2024-25 வருமானத்துக்குப் புதிய முறையில் 7 லட்சத்துக்குள் வரியே இல்லை என்று டிவியில் கேட்டுவிட்டு வருபவரோடு மல்லுக்கட்டுவது தனிக் கதை. கழிவு போகச் சம்பளம் 5,50,000, பங்கில் குறுகியகால ஆதாயம் 60,000 என்று வை. மொத்தம் 6,10,000. ஆனாலும் அந்த 60,000-க்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 12,480 கேட்கிறது யூடிலிட்டி; இப்படிச் சிறப்பு விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கு, வரியை இல்லாமல் ஆக்கும் 87ஏ தள்ளுபடியை அது தருவதில்லை. சட்டத்தின் வாசகத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று வழக்குகள் நடந்தன. நாம் அதைக் கவுண்டரில் நின்று விளக்கும்போது, அவர் நாம்தான் வரியைக் கூட்டிவிட்டோம் என்ற முகத்தோடு பார்ப்பார்.

இதெல்லாம்கூடத் தாங்கலாம், மாப்ளே. தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் உண்மையில் இந்தக் கடிதமே.

‘பக்கத்து சீட்காரருக்கு அறுபதாயிரம் ரீஃபண்ட் வந்திருக்கு, எனக்கு ஏன் வரல?’ இந்தக் கேள்வி தினமும் வரும். அந்தப் பக்கத்து சீட்காரருக்கு யாரோ ஒருவர் 80ஜிஜிசி-யில் கட்சி நன்கொடை, இல்லாத வீட்டு வாடகை, இல்லாத நோய்க்கு 80டிடிபி கழிவு என்று போட்டு, வரும் பணத்தில் சதவீதம் பேசியிருப்பார். இந்த வருஷம் ஜூலை 14 அன்று வருமான வரித் துறை 150 இடங்களில் சோதனைக்கு இறங்கியது தெரியும்தானே, தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கு முந்தைய நாலு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கினார்கள் என்று துறையே சொன்னது. அதில் ஒரு விவரம் என்னை மிகவும் சுட்டது: இப்படிப் போடுபவர்கள் கிளையன்ட் பேரில் தற்காலிக மின்னஞ்சல் தொடங்கி, கொத்தாக ஃபைல் செய்துவிட்டு அதைக் கைவிட்டுவிடுகிறார்களாம். நோட்டீஸ் அந்தப் பெட்டிக்குப் போய்க் கிடக்கிறது. சம்பளக்காரனுக்குத் தன்மேல் நடவடிக்கை நடப்பதே தெரியாது.

கணக்கைப் பார். 30 சதவீதத்தில் இருப்பவருக்கு 2 லட்சம் பொய்க் கழிவு போட்டால் கிடைப்பது 62,400. பிடிபட்டால் 270ஏ-யில் தவறாகக் காட்டியதற்கு வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம், 1,24,800. அசலையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஆக 1,87,200, அதன்மேல் வட்டி. சதவீதம் வாங்கியவர் இதில் ஒரு ரூபாய் தரமாட்டார். போனையும் எடுக்கமாட்டார்.

இப்போது படிவமே கேள்வி கேட்கிறது. பழைய முறையில் 80சி சேமிப்புக் கழிவுக்குப் பாலிசி எண், 80டி மருத்துவக் காப்பீட்டுக் கழிவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் பேரும் பாலிசி எண்ணும், வீட்டுக்கடன் வட்டிக்குக் கடன் கணக்கு எண்ணும் கொடுத்தது யார் என்பதும், வீட்டு வாடகைப் படிக்கு வேலை செய்யும் ஊர், வாங்கிய படி, கட்டிய வாடகை, அடிப்படைச் சம்பளம் எல்லாம் வேண்டும். படிக் கழிவின் வரம்பு சென்னை என்றால் சம்பளத்தில் 50 சதவீதம், கோயம்புத்தூர் என்றால் 40. நிரப்ப நேரம் இரண்டு மடங்கு ஆகிறது என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். நான் அலுத்துக்கொள்ளவில்லை. ‘பேப்பர் இல்லாமல் போட முடியாது சார், இடமே விடாது’ என்று சொல்ல நமக்கு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் படிவமே துணை நிற்கிறது. நமக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கேட்டதைத்தான் இது கேட்கிறது.

ஆகவே நீ ஆபீஸ் திறக்கும் முதல் நாளிலிருந்தே இதை வைத்துக்கொள். கட்டணம் வேலைக்கு, ரீஃபண்டில் சதவீதம் கிடையாது. போர்ட்டலில் முதன்மை மொபைலும் மின்னஞ்சலும் கிளையன்ட்டுடையதாகவே இருக்கட்டும். எல்லா ஃபைலுக்கும் உன் மின்னஞ்சலைப் போட்டால் சௌகரியம்தான், ஆனால் அவருக்கு வரும் நோட்டீஸுக்கு நீ காவல்காரன் ஆகிவிடுவாய். கம்ப்யூடேஷனில் (வரிக் கணக்குத் தாளில்) அவர் கையெழுத்து இல்லாமல் அப்லோடு செய்யாதே.

உன் கிளையன்ட்டாக வருபவர்களில் சிலர் முன்னால் யாரிடமோ இப்படிப் போட்டு வாங்கியிருப்பார்கள். அவர்களைத் துரத்திவிடாதே, பாவம், பாதிப் பேருக்கு என்ன போட்டார்கள் என்றே தெரியாது. இந்த வருஷத்தது என்றால் டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போதும். போன வருஷத்தது என்றால் ஐடிஆர்-யு (காலம் கடந்து திருத்திப் போடும் ரிட்டர்ன்). மார்ச் 31, 2026-க்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்த்த தொகையில் 25 சதவீதம் கூடுதல். அதற்கும் முந்தையவை 50, 60, 70 என்று ஏறும். மேலே சொன்ன 62,400-க்கு, வட்டியை விட்டுப் பார்த்தால், 15,600. அபராதம் 1,24,800-ஓடு வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து கணக்கைப் பேப்பரில் எழுதிக் காட்டிய பிறகு மறுத்தவர்கள் குறைவு.

கடைசித் தேதி விஷயம்: அரசு என்ன தேதி சொன்னாலும் உன் ஆபீஸுக்கு அதிலிருந்து பதினைந்து நாள் முந்திய தேதி ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டு. அதற்குப் பிறகு வரும் ஃபைலுக்கு ‘முயற்சி செய்கிறேன்’ என்று மட்டும் சொல். முதல் வருஷம் நாலு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும். பங்கு நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர்களை மட்டும் தனியாகக் குறித்து முதலில் முடி. கெடு தாண்டினால் அந்த நஷ்டம் அவர்களுக்குப் போய்விடும்.

ஏப்ரல் 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வேறு வருகிறது. பிரிவு எண்களெல்லாம் மாறும். நீ சரியான நேரத்தில்தான் இறங்குகிறாய். எல்லோருமே புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு கம்பெனி இன்டர்நெட் லைன் அங்கே வருமா என்று கேட்டுக்கொள். என் செக்லிஸ்டைத் தனியாக அனுப்புகிறேன், உன் கைக்குத் தோதாக மாற்றிக்கொள். முதல் வருஷம் எத்தனை ஃபைல் எடுப்பதாக நினைக்கிறாய் என்று எழுது. நூறுக்கு மேல் சொன்னால் நான் நேரில் கிளம்பி வந்து சண்டை போடுவேன்.

அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

உன்,
ஈரோட்டுக்காரன்