கோப்பை தவறினால் திட்டுமுன் மணியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழுந்து எடுக்கும் கை மந்தமானால் கங்காணி சோம்பல் என்கிறார். பிள்ளையின் எழுத்து கோணினால் ஆசிரியர் கவனமில்லை என்கிறார். கோப்பையைத் தவறவிட்டால் வீட்டில் "எங்கே பிராக்குப் பார்க்கிறாய்?" என்ற ஏச்சு. வயதானவர் தள்ளாடினாலோ, காலை ஏழு மணியாக இருந்தாலும், "போட்டுவிட்டு வருகிறார்" என்று பேச்சு. நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த கைகால் இன்று சொல்வழி கேட்கவில்லை என்றால் முதலில் உடம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். மனிதரைச் சந்தேகிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டப் பகுதிகளில் சுகாதாரப் பணி செய்கிறவர்கள் என்ற வகையில், எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதல் கேள்வி, எப்போது தொடங்கியது என்பது. நிமிடத்தில் வந்தது வேறு, இரண்டு மூன்று நாளில் ஏறியது வேறு, மாதக்கணக்கில் ஊர்ந்து வந்தது வேறு. அடுத்த கேள்வி, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா என்பது.

நிமிடத்தில் வந்து ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தால் பாரிசவாதம் (மூளையின் இரத்தக்குழாய் அடைத்தோ கசிந்தோ வரும் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? கண்ணை மூடி, உள்ளங்கை மேலே தெரிய இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பத்து எண்ணச் சொன்னால் ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொல்லச் சொன்னால் நாக்கு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இலங்கையின் அவசர அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அழைக்கும்போது தோட்டம், டிவிஷன், லய (வீட்டு வரிசை) இலக்கம் மூன்றையும் சொல்லி, பெரிய ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஓர் இளைஞரை ஃபோனோடும் டோர்ச்சோடும் அந்தச் சந்திக்கு அனுப்பிவிடுங்கள். தோட்டத்து ரோடுகளில் அம்புலன்ஸ் வழி தேடி அலைவதில்தான் நேரம் போகிறது.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் இரத்தம் கசியவில்லை என்று உறுதி செய்தாக வேண்டும். ஸ்கேன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. மேல் டிவிஷனில் இருந்து இறங்கி, டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே டிக்கெட் வெட்டி மாற்றி அனுப்பும்போது அந்த நாலரை மணித்தியாலம் முடிந்துவிடுகிறது. இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். நீங்கள் கண்டுபிடித்த நேரத்திலிருந்து வைத்தியர் கணக்கிடுவதில்லை. நோயாளி கடைசியாக நல்லபடி இருந்ததை ஒருவர் பார்த்த நேரமே தொடக்கம். விடிய எழும்பும்போதே கை விழுந்திருந்தால் முதல் நாள் இரவு படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். அதைக் கையோடு ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். தேத்தண்ணியும் வேண்டாம். விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் அது நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியாவில் முடியும். டிஸ்பிரினும் (அஸ்பிரின்) கூடாது. அடைப்பா கசிவா என்று ஸ்கேனுக்கு முன் யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் அந்தக் குளிசை நிலைமையை மோசமாக்கும். எண்ணெய் தடவி உருவிவிடுவதில் போவது நேரம் மட்டும்தான். கால் மணித்தியாலத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி வந்துபோன பிறகு, முழுப் பாரிசவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணித்தியாலத்தில்தான் மிக அதிகம்.

சிறுமூளையில் வரும் பாரிசவாதத்தில் கை விழாது, வாய் கோணாமலும் இருக்கலாம். திடீரென்று தலை சுற்றும், வாந்தி வரும், பிடிக்காமல் நிற்க முடியாது, கால் அகட்டி வைத்துத் தள்ளாடுவார். இதை வெறி என்றோ கேஸ்ட்ரைட்டிஸ் என்றோ வீட்டில் படுக்கப் போட்டுவிடுகிறார்கள். சாராய வாடை அடித்தாலும் இதே சோதனைதான். குடித்தவருக்கும் பாரிசவாதம் வரும்.

அச்சு அசல் இதே தோற்றத்தில் வருவது இரத்தத்தில் சீனி இறங்குவது. சில வேளை ஒரு பக்கக் கைகால் கூட விழும். நீரிழிவுக் குளிசையைப் போட்டுக்கொண்டு வெறும் பிளேன்டியோடு மலைக்கு ஏறுகிறவருக்குப் பத்து, பதினொரு மணியளவில் கை நடுங்கும், குளிரிலும் வியர்க்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவார், கொழுந்து கைக்கு வராது. சீனி பார்க்கும் மீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம். மீட்டர் இல்லாவிட்டாலும், நல்ல நினைவோடு விழுங்கக் கூடியவர் என்றால் மட்டமாக மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். வாய் கோணியோ பேச்சு குழறியோ இருந்தால் முதலில் 1990க்கு அழையுங்கள்; மீட்டரில் சீனி குறைவு என்று தெரிந்து, நன்றாக விழுங்கவும் முடிந்தால் மட்டுமே கொடுக்கலாம். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுக்கலாம். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். சொக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவுக் குளிசை பாவிப்பவர் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் குளிசை நீண்ட நேரம் உடம்பில் நிற்கும், சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் அதிக நேரம். இரவில் மறுபடி சீனி இறங்கலாம்.

ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே விடியலில் தலையிடி, குமட்டல், காலில் தடுமாற்றம் என்றால் அடுப்பைப் பாருங்கள். நுவரெலியாப் பக்கம் பனி கொட்டும் மாதங்களில் தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்து, ஜன்னல் இடுக்கில் சாக்கும் அடைத்துவிட்டுப் படுப்பது வழக்கம். தணலில் இருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு அம்புலன்ஸை அழையுங்கள். விரலில் மாட்டும் ஒக்சிஜன் மீட்டர் 98 காட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது. ஒக்சிஜன் பிடித்த இரத்தத்தையும் இந்த வாயு பிடித்த இரத்தத்தையும் பிரித்தறிய அந்தச் சின்ன மீட்டரால் முடியாது.

மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிக்கிறவர்களுக்கு வேறொன்று. முதுகில் தூக்கும் டாங்கியின் மூடியோ குழாய்ப் பூட்டோ கசிந்து சட்டை நனைந்தால், பூச்சிமருந்து தோலால் உள்ளே போகும். வியர்வை, எச்சில், வயிற்றுப்போக்கு, மங்கலான பார்வை, கடுகுபோல் சுருங்கிய கண்மணி ஆகியவை ஓர்கனோபொஸ்பேட் வகை மருந்தின் அடையாளம். உடுப்பை முழுவதும் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளிக்க வைத்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு போங்கள். சுகமாகிவிட்டது என்று நினைக்கும்போது, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போனால் அது மூச்சுத் தசைகளும் பலமிழக்கப் போவதன் முன்னறிவிப்பு. உடனே ஆஸ்பத்திரி.

இனி மெதுவாக வருபவை. கொழுந்து பறிக்கும் கைக்கென்றே வரும் நோய், மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுவது. பெருவிரலும் சுட்டுவிரலும் நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்கின்றன. மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய குகை இருக்கிறது. அதற்குள் தசைநார்களின் உறை வீங்கினால் நடுவில் ஓடும் நரம்பு நசுங்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்று விறைக்கும். சுண்டுவிரல் தப்பிவிடும். இரவில் கை விறைத்து எழும்பி உதறினால் சுகமாக இருக்கும். பிறகு பகலிலும் கோப்பை, ஊசி, சட்டைப் பொத்தான் எல்லாம் கையை ஏமாற்றும். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டை மடித்து 60 விநாடி வைத்துப் பாருங்கள். அதே விரல்கள் விறைத்தால் இந்த நோய் என்ற சந்தேகம் வலுக்கும். மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டியை இரவில் ஆறு வாரமளவு கட்டினால் பலருக்குக் குறையும். பெருவிரல் அடிச்சதை குழிந்துவிட்டால் பட்டியோடு நிற்காமல் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது சின்ன ஒப்பரேஷன். கர்ப்பம், நீரிழிவு, தைரொயிட் குறைவு ஆகியவையும் இதைக் கொண்டுவரும். கிலோ குறைந்ததற்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுகிறவர்கள், அந்தக் கை ஏன் குறைத்தது என்று ஒருமுறை கேட்டிருந்தால் பல கைகள் தப்பியிருக்கும்.

சுண்டுவிரல் பக்கம் விறைத்து மடங்கினால், உடம்பில் எங்காவது வெளிறிய, தொட்டால் தெரியாத படை இருக்கிறதா என்று பாருங்கள். தொழுநோய் இன்னும் இந்த நாட்டை விட்டுப் போகவில்லை. மருந்து இலவசம், வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம்.

இரண்டு கையும் சேர்ந்து மந்தமாகி, காலும் விறைப்பாக இழுத்தால் பிரச்சினை கழுத்தில் இருக்கலாம். விறகும் மூட்டையும் தலையில் சுமந்த கழுத்தெலும்பு தேய்ந்து முதுகுத்தண்டு நரம்பை நெருக்கும். கையைப் பொத்திப் பொத்தி விரிக்கச் சொல்லுங்கள். பத்து விநாடியில் இருபது தடவை முடியவில்லை என்றாலோ, தலை குனிந்ததும் முதுகில் கரண்ட் அடித்ததுபோல் ஓடினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ தள்ளிப்போட வேண்டாம். கழுத்து வலிக்குச் சலூனில் நெட்டி முறிக்கக் கொடுப்பதை எவரும் விட்டுவிடுவது நல்லது. கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் வந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

வெளிச்சத்தில் நன்றாக நடந்து இருட்டில் தள்ளாடுவது, முகம் கழுவக் கண்ணை மூடியதும் சாய்வது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது ஆகியவை பாதத்து நரம்பு பழுதானதன் அடையாளம். நீரிழிவு முதல் காரணம். மெட்போர்மின் என்ற நீரிழிவுக் குளிசையைப் பல வருடம் பாவித்தவர்களுக்கும், மீன் முட்டை இறைச்சி பால் அதிகம் சேராதவர்களுக்கும் வைட்டமின் பி12 குறைந்து இதே நிலை வரும். தொடர்ந்து குடித்துச் சாப்பாட்டை விடுகிறவர்களுக்குத் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து, தள்ளாட்டத்தோடு கண் இரட்டையாகத் தெரிந்து, பேச்சும் குழம்பினால் அது அன்றைக்கே ஊசி போட வேண்டிய அவசரம்.

ஆசிரியர்களுக்கு இரண்டு செய்தி. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளை, பெரும்பாலும் பெண்பிள்ளை, சில வாரங்களாகப் பென்சிலைத் தவறவிடுகிறது, எழுத்து கெட்டுவிட்டது, முகத்தைச் சுளிக்கிறது, கையை நீட்டினால் விரல்கள் தாமாக ஆடுகின்றன, நாக்கை நீட்டி வைத்திருக்க முடியவில்லை என்றால் அது குறும்பு அல்ல. தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் வாதக் காய்ச்சல் மூளையைத் தொட்டதன் அடையாளமாக இருக்கலாம். இதயத்தையும் அதே நோய் தாக்கியிருக்கலாம், ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல வருடம் தொடர வேண்டும். வலிக்கிறது என்று நிறுத்தினால் இதய வால்வு பழுதாகலாம்.

மற்றது உயர்தரப் பரீட்சைக்காரர்களுக்கு. இரவிரவாகப் படித்துவிட்டு எழும்பிய ஒரு மணித்தியாலத்துக்குள் கை வெட்டி இழுத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷும் தேத்தண்ணிக் கோப்பையும் எகிறிப் போகிறது, பிறகு நாள் முழுக்க ஒன்றுமில்லை. இது பதின்ம வயதில் வரும் ஒரு வகை வலிப்பு நோயாக இருக்கலாம். நித்திரை முழிப்பு அதைக் கிளப்பும். குளிசையால் நன்றாக அடங்கும், ஆனால் கார்பமசெப்பின் போன்ற சில வலிப்புக் குளிசைகள் இதைக் கூட்டிவிடும். ஆகவே இன்னொருவரின் மருந்தைக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. காலையில் கை வெட்டுவதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

தடுமனுக்குப் போட்ட பிரிட்டோன், நித்திரைக் குளிசை, புதிதாகக் கூட்டிய பிரஷர் மருந்து, புதுக் கண்ணாடி எல்லாமே படியில் காலை இடறவைக்கும். 17 மணித்தியாலம் தூங்காமல் இருந்தவரின் கை, சிறிது குடித்தவரின் கைபோலத்தான் வேலை செய்யும். இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் விறகு பிளக்க வேண்டாம். வயதானவர் தலையில் இலேசாக அடிபட்டு மூன்று நான்கு வாரம் கழித்துத் தடுமாறத் தொடங்கினால், அதிலும் இரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர் என்றால், பழைய அடி என்று விடாமல் ஸ்கேனுக்குக் கொண்டுபோங்கள்.

தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் குளுக்கோ மீட்டரும் காலாவதியாகாத ஸ்ட்ரிப்பும் வேண்டும். காலையில் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் 1990 என்ற இலக்கம், அந்த டிவிஷனுக்கு வழி சொல்லும் நாலு வரி, ஸ்கேன் உள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் பெயர் ஆகியவை தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். வீட்டிலிருந்து வருகிறவர்கள் கிளினிக் கொப்பியையும், பாவிக்கும் எல்லாக் குளிசைகளையும், கடையில் வாங்கியதும் நாட்டு மருந்தும் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தோட்டச் சுகாதாரப் பணியில் உள்ள சிலர்,
ஹட்டன்