மேட்டுக்காட்டை விற்பதற்கு முன்

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததாக அம்மா சொன்னார்கள், ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பூ மழை சரியாக விழுந்ததால் காப்பிச் செடியெல்லாம் நன்றாகப் பூத்தது, மிளகுதான் கைவிட்டுவிட்டது.

மேட்டுக்காட்டை விற்கப் பேசுகிறாயாமே. விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, உன் கடன் உனக்குத்தான் தெரியும். ஆனால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை யோசி. நம்ம ஊர் உட்கார்ந்திருப்பதே சேர்வராயன் மலையின் முதுகில். தெற்கே இறங்கும் தண்ணீர் திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள் புகுந்து காவிரிக்குப் போகிறது, மேற்கே இறங்குவது சரபங்கா, ஓமலூர் எடப்பாடி வழியாக அதுவும் காவிரிக்குத்தான். வடக்கே விழுந்தால் வாணியாறு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போய்த் தென்பெண்ணையில் சேர்ந்துவிடும். சேர்வராயனோடு காவேரியம்மனையும் ஒரே குகையில் வைத்துக் கும்பிட்ட நம் பெரியவர்களுக்கு இந்த மலைதான் தண்ணீருக்குத் தாய்வீடு என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உன் காடு வடக்குச் சரிவின் தலைமாட்டில், நம்ம ஊற்றுக்கு நேர் மேலே இருக்கிறது. பெய்கிற மழையை அங்கே உள்ள சருகும் வேரும் பிடித்து வைத்து, பாறை வெடிப்புகளில் மெல்ல இறக்கி விடுவதால்தான் சித்திரையிலும் நமக்குக் குடம் நிறைகிறது. வாங்குகிறவர்கள் ரிசார்ட் கட்டத்தான் கேட்கிறார்கள். ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டிக் கான்கிரீட் போட்டால் மழை அத்தனையும் மண்ணை அரித்துக்கொண்டு ஒரே மணி நேரத்தில் ஓடையில் போய்விடும், அப்புறம் போர் போடுவார்கள், அது உறிஞ்சுவதும் அதே வெடிப்பிலிருந்துதான். பக்கத்து ஊரில் நடந்தது இதுதான், இப்போது அங்கே மாசி பிறந்தாலே டேங்கருக்குக் காத்திருக்கிறார்கள், பெண்கள் வேலைக்குப் போவதையே விட்டுவிட்டு.

ரோட்டோரம் சில்வர் ஓக் நிற்கிற பாகத்தை மட்டும் கொடு. நல்ல விலை போவதும் அதுதான், மேலே மரம் அடர்ந்த பகுதிக்கு வண்டிப்பாதைகூட இல்லை. உட்பிரிவு செய்து அளந்து தர முடியுமா என்று சர்வேயரிடம் கேட்டேன், பட்டாதாரர் நீயே மனு கொடுக்க வேண்டுமாம். முன்பணம் வாங்குவதற்கு முன் ஒரு போன் பண்ணு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்றால் வீட்டிலேயே சிக்னல் கிடைக்கும்.

அன்புடன்,
செல்வம்