ஓரத்தில் எழுதிய இரண்டு வரிகள்

அன்புத் தோழிக்கு,

உன் நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. அம்மாவின் ரத்த அழுத்தம், சர்க்கரை, விழுங்குவதில் உள்ள சிரமம், இடுப்பில் தோல் சிவந்திருப்பது என எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருக்கிறாய். உன்னைப் பற்றி ஓரத்தில் இரண்டே வரி: தூக்கம் இல்லை, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்; விரலில் பட்ட வெட்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லை. அந்த இரண்டு வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த விரலை அலட்சியப்படுத்தாதே. ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும் குழுவினரும் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொண்ட 13 பெண்களுக்கும், அந்தப் பொறுப்பு இல்லாத வேறு 13 பெண்களுக்கும் தோலில் ஒரே அளவுச் சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் நாட்களை எண்ணினார்கள். முதல் குழுவினருக்கு ஏறக்குறைய 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. ஓயாத கவலை தோல்வரை இறங்கிவிடுகிறது. உன் சர்க்கரையையும் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடு. அம்மாவுக்கு இருப்பதால் சொல்கிறேன்.

"வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது" என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு உடலை நடுங்கவும் இறுகவும் வைக்கும் பார்க்கின்சன் நோய் இருந்த ஆறு ஆண்டுகளும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும்; உணவில் உள்ள புரதம் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். எனக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகியிருந்தது. ஒரு நாள் தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போனேன். அவன் வயிறாரச் சாப்பிட வைத்த பிறகு மாத்திரையைக் கொடுத்தான். நான் திரும்பியபோது அப்பா நாற்காலியில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்; கால் எழவில்லை. தம்பியைக் கடுமையாகத் திட்டினேன். அதன் பிறகு யாரையும் நம்பவில்லை, எங்கும் போகவில்லை.

தவறு என்னுடையது. அந்த ஒரு வரியை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. தலைக்குள்ளேயே வைத்திருந்தேன், அதனால் என்னால் நகர முடியவில்லை. சில இரவுகளில் இதெல்லாம் முடிந்துவிடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன். இதை உனக்குத்தான் முதன்முதலில் சொல்கிறேன். உனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தால் உன் பாசத்தைச் சந்தேகிக்காதே. தூங்காத உடம்பு அப்படித்தான் கெஞ்சும்.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று இந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை உன்னிடம் சொல்லியிருப்பேன்! என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையையும் உன் தலையிலேயே கட்டியிருக்கிறேன். அதை இப்போது விட்டுவிட்டேன். வரும் சனிக்கிழமை மாலை வருகிறேன், ஞாயிறு மதியம்வரை இருப்பேன். படுக்கைப்புண் வராமல் இருக்க, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவை நான் திருப்பிப் படுக்க வைக்கிறேன். இழுக்காமல், அடியில் மடித்த விரிப்பைப் பிடித்துத் திருப்பும் முறை எனக்குக் கைப்பழக்கம். தோல் சிவந்திருப்பதைச் செவிலியரிடம் காட்டு. காற்று மெத்தை போட்டால் இரவில் அந்த இடைவெளியைக் கூட்டலாமா என்றும் கேட்டுவை.

நீ கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறையில் தூங்கு. அண்ணனையும் ஞாயிறு காலை வரச் சொல்; அவருக்கும் கற்றுத்தருகிறேன்.

அதற்குள் ஒரே ஒரு தாள் எழுதி வை. மாத்திரை வேளைகள், அம்மா புரையேறாமல் விழுங்கத் தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்க வேண்டும், எதைக் கண்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவு போதும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், எந்தப் பக்கம் திருப்பும்போது அம்மா முகம் சுளிக்கிறார் என்பதை முதலில் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி