பை எங்கே கிழிந்தது?

கோயம்புத்தூர்
ஆடி 9

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. அம்மிணிக்குக் காலேஜில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது, கொடியில் துணி நிற்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கு வருகிறோம். ஒறம்பரைக் கூட்டத்தில் பேச முடியாது என்பதால், உங்கள் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் புகையிலிருந்து சாம்பலை வடிகட்டும் பை வீட்டில் துணிப் பைகள் ஏன் கிழிகின்றன என்று நீ கேட்டதற்கு இதிலேயே எழுதிவிடுகிறேன்.

முழு செட்டுக்கும் ஆர்டர் போட்டுவிடாதே, பொறு. பதினாலு மாதத்தில் பை கிழிகிறது. பை விற்றவர் கொதிகலன் ஓட்டின லட்சணம் என்கிறார், பை வீட்டைக் கட்டிக்கொடுத்தவர் துணி மட்டம் என்கிறார். நீ நடுவில் நின்று, விலை கூடின கண்ணாடி நார்ப் பைக்கு மாறலாமா என்று யோசிக்கிறாய். எந்தப் பை, எந்த வரிசை, மேலிருந்து எத்தனை அடியில், கிழிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, இதைக் குறித்தீர்களா? நீ அனுப்பின போட்டோவில் கழற்றின பைகள் குப்பலாகக் கிடக்கின்றன. குவித்த பிறகு எது எங்கே தொங்கியது என்று யார் சொல்வது?

மேலிருந்து ஒன்றிரண்டு அடிக்குள், உள்பக்கமிருந்து தேய்ந்து ஓட்டையாகியிருந்தால் தப்பு ஊதுகுழாயில், அதாவது பையை உதற மேலிருந்து உள்ளே அமுக்கக் காற்றை அடிக்கும் குழாயில். அதன் முனை (நாசில்) பை வாயின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பல்ஸ் (விட்டுவிட்டு அடிக்கும்) காற்று துணிச் சுவரில் நேராக அடிக்கும். பை மாற்றும்போது குழாயைக் கழற்றி, திரும்ப மாட்டுகையில் அதைப் பூட்டும் முளை சரியாக உட்காராமல் விட்டால் இப்படித்தான் ஆகும். மேல் மூடியைத் திறந்து தூக்குக்குண்டு விட்டுப் பார், அஞ்சு நிமிஷ வேலை.

அடிப்பகுதியில் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தால் பக்கத்துப் பையோடு உரசுகிறது. உன்னுடையது 150 மில்லிமீட்டர் விட்டம், 8 மீட்டர் நீளம். டியூப் ஷீட்டில், அதாவது பைகள் தொங்கும் துளைத் தகட்டில், பை உட்காரும் இடம் அந்த 150 மில்லிமீட்டருக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால், 8 மீட்டர் கீழே பையின் நுனி 53 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். இரண்டு பைக்கு இடையில் நீங்கள் விட்ட சந்தே ஏறக்குறைய அவ்வளவுதான். வெல்டிங் சூட்டில் ஷீட் நெளிந்ததா, பைக்குள் நிற்கும் கம்பிக் கூடான, மூன்று துண்டாக வரும் கேஜின் இணைப்பு வளைந்ததா என்று பார்க்க வேண்டும். ஹாப்பர் (அடியில் சாம்பல் விழும் தொட்டி) கதவு வழியாக டார்ச் அடித்தால் ஒட்டி நிற்கிற ஜோடிகள் தெரியும். உரசல் முதல் இரண்டு வரிசையில் மட்டும் என்றால் கதை வேறு: புகை நேராக வந்து அந்தப் பைகளில் மோதுகிறது, தடுப்புத் தகடு தேய்ந்திருக்கும். பழைய இஎஸ்பி (மின்னூட்டத்தால் தூசியைத் தகட்டில் ஒட்டவைக்கும் கருவி) கூட்டுக்குள் பை போட்ட இடங்களில் இது சகஜம். தகடுகளுக்காகப் போட்ட வாசல் அது, பைக்காகப் போட்டதல்ல.

கேஜ் கம்பி ஓடும் இடத்திலேயே நெட்டுக்கோடாகத் துணி நைந்திருந்தால் பை தொளதொளவென்று இருக்கிறது, அல்லது கம்பி துருப்பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பல்ஸுக்கும் பை உப்பி, மறுபடி கம்பியில் அறைந்து மடிகிறது. நீ கண்ணாடி நாருக்குத் தாவக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். அது 260 டிகிரி தாங்கும், ஆனால் மடிப்புத் தாங்காது. பை கச்சிதமாகப் பொருந்தி, கேஜில் 20 நெட்டுக்கம்பியாவது இருக்க வேண்டும். உன் கேஜில் எண்ணிப் பார். 10, 12 என்றால் அந்தப் பையோடு கேஜையும் மாற்ற வேண்டும். கொட்டேஷனில் கேஜ் விலை இருக்காது.

பை முழுக்க ஒரே மாதிரி பலம் போய், விரலால் கிழித்தால் காகிதம் போல வந்தால் அது சூடும் ஆக்சிஜனும் செய்த வேலை. இப்போது போட்டிருக்கும் பிபிஎஸ் (பாலிபினைலீன் சல்பைடு) நார் 190 டிகிரி வரை என்று தாளில் எழுதியிருப்பார்கள். நான் 165ஐத் தாண்டாமல் வைத்துக்கொள் என்பேன். ஏர் ஹீட்டர் (புகைச் சூட்டில் கொதிகலனுக்குப் போகும் காற்றைச் சூடாக்குவது) தாண்டி உன் புகை 140 டிகிரிதான், அதில் வம்பில்லை. ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்தாயா? கொதிகலன் வாயில் 4 சதவீதம் காட்டும். டக்ட் (புகைக் குழாய்) ஜாயின்ட், மேன்ஹோல், ஹாப்பர் வால்வு என்று கண்ட சந்திலும் வெளிக்காற்று புகுந்து பை வீட்டில் 10ஐத் தொட்டால், பிபிஎஸ்ஸின் ஆயுசு அங்கேயே குறைகிறது. நிறம் பழுப்பாகிவிட்டது என்று மட்டும் பயப்படாதே; பிபிஎஸ் நல்லபடி இருக்கும்போதே பழுக்கும்.

சாம்பல் அப்பளமாக ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் உதிராமல் இருந்தால் ஈரம். கொதிகலன் டியூப் ஒழுகலா, அமிலப் பனிநிலைக்கு (புகையிலுள்ள அமிலம் நீர்த்துளியாகப் படியும் சூட்டுக்கு) கீழே ஓட்டினீர்களா, அமுக்கக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வருகிறதா? அந்தக் காற்றை உலர்த்தும் டிரையர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்க யாருக்கும் நேரமிருப்பதில்லை.

துணியைப் பற்றியும் கேட்டிருந்தாய். பவானி ஜமக்காளத் தறிச் சத்தத்தில் வளர்ந்த உனக்கு, பாவும் ஊடும் கண்ணில் படாத இந்தத் துணியைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். நடுவில் மெல்லிய நெசவு வலை இருக்கிறது, இழுவையைத் தாங்குவது அதுதான். இரண்டு பக்கமும் நாரைப் பரப்பி முள்ளு ஊசியால் குத்திக் குத்திப் பின்னியது நீடில் ஃபெல்ட், சதுர மீட்டருக்கு 500 முதல் 550 கிராம். பாலியஸ்டர் மலிவு, ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் நீராற்பகுப்பில் (நீர் நாரை உடைப்பதில்) நைந்துவிடும், நிலக்கரிப் புகைக்கு ஆகாது. அக்ரிலிக் ஈரம் தாங்கும், 125 டிகிரிக்கு மேல் போகாது. அராமிட் சூடு தாங்கும், ஈரமும் அமிலமும் சேர்ந்தால் தாங்காது. ஆக, உன் நிலைமைக்குப் பிபிஎஸ்தான் சரியான சரக்கு. காசு மிச்சமிருந்தால் புகைப்பக்கத்தில் மட்டும் பி84 (பாலிஇமைடு) நார் கலந்து கேள்.

நம்ம பக்கம் ஏன் பைக்கு வந்தார்கள் என்று உன் புதுப் பையன்களுக்குச் சொல்லு. நம் நிலக்கரியில் சாம்பல் 35, 40 சதவீதம், கந்தகமோ குறைவு. அந்தச் சாம்பலுக்கு மின்தடை அதிகம், இஎஸ்பி தகட்டில் ஒட்டினால் மின்னூட்டத்தை விடாது, எதிர்ப்பொறி விட்டு மறுபடி பறக்கும். பைக்கு மின்தடை பற்றிக் கவலையில்லை. 2015 டிசம்பர் விதிப்படி ஒரு கன மீட்டர் புகையில் இருக்கலாம் என்ற தூசி, 2003 முடிய நிறுவிய நிலையத்துக்கு 100 மில்லிகிராம், 2004 முதல் 2016 வரை 50, அதற்குப் பின் 30. மேட்டூரில் பழைய நாலு 210 மெகாவாட் யூனிட்டுக்கு ஒரு கணக்கு, பக்கத்திலேயே 600க்கு ஒரு கணக்கு என்றானது இதனால்தான். கன மீட்டருக்கு 50 கிராம் தூசியோடு வரும் புகையை 30 மில்லிகிராமுக்கு இறக்க 99.94 சதவீதம் பிடிக்க வேண்டும்.

210 மெகாவாட்டுக்கு உத்தேசமாக வினாடிக்கு 350 கன மீட்டர் புகை. துணி வழியாக நிமிஷத்துக்கு ஒரு மீட்டர் வேகம் என்று வைத்தால் 21,000 சதுர மீட்டர் துணி. உன் பை ஒன்று 3.77 சதுர மீட்டர், ஒரு எட்டு முழ வேட்டியை விடக் கொஞ்சம் சின்னது. 5,570 பை வருகிறது. ஒரு அறையை மூடி வேலை பார்க்க இடம் விட்டால் ஆறாயிரத்தைத் தாண்டும். அதில் ஒன்றில் சுண்டுவிரல் பருமன் ஓட்டை விழுந்தால், 150 மில்லிமீட்டர் நீர்மட்ட அழுத்தத்தில் மணிக்குச் சில நூறு கிராம் சாம்பல் சுத்தமான பக்கம் போகும் என்று கணக்கு வருகிறது. அதில் கொஞ்சம் பக்கத்துப் பைகளுக்குள் விழும், அடுத்த பல்ஸில் உள்ளேயிருந்து துணிக்குள் ஏறும். அன்றைக்கே ஓட்டைப் பையின் வாயை மூடி போட்டு அடைத்துவிட வேண்டும்.

பல்ஸ் டைமரை மூன்று நிமிஷத்தில் வைத்து மறந்துவிட்டார்கள் என்று எழுதினாயே, அதை முதலில் மாற்று. வடிகட்டுவது பாதி துணி, பாதி அதன் மேல் படிந்த சாம்பல் தோல். அடிக்கடி உதறினால் தோல் நிற்காது, தூசி கூடும், பையும் சீக்கிரம் நையும். பையின் இரண்டு பக்கத்து அழுத்த வித்தியாசம் 130 மில்லிமீட்டர் நீர்மட்டம் தொட்டால் பல்ஸ் தொடங்கி 100ல் நிற்கும்படி வை.

புதுப் பை மாட்டினால் கொதிகலனைப் பற்றவைக்க எண்ணெய் எரிக்கும் முன்பே சுண்ணாம்புக்கல் பொடி பூசிவிடு, சதுர மீட்டருக்குக் கால் கிலோ கணக்கு. ஐடி ஃபேனை (புகையை இழுக்கும் விசிறியை) ஓட்டி டக்டில் தூவினால் துணி தானே இழுத்துக்கொள்ளும். அதுவரைக்கும், எண்ணெயிலிருந்து நிலக்கரிக்கு மாறும் வரைக்கும் பல்ஸை நிறுத்தியே வை. எண்ணெய்ப் புகையின் கரி வெறும் துணியில் ஒரு தடவை ஏறிவிட்டால் எத்தனை பல்ஸ் அடித்தாலும் இறங்காது. ஹாப்பர் ஹீட்டர் முந்தின ராத்திரியே போட்டிருக்க வேண்டும். நிறுத்தும்போது தீ அணைந்த பிறகும் ஃபேன் ஓடட்டும், ஈரப் புகை வெளியே போகட்டும், அப்புறம் உதறி ஹாப்பரைக் காலி செய்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: நல்லது மூன்று, கிழிந்தது மூன்று பை எடு. உதறாதே, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று ஒரு அடித் துண்டு வெட்டி, பிளாஸ்டிக் கவரில் வரிசை எண்ணும் மேல் பக்கமும் எழுதிப் போட்டுக் கூடுதுறைக்குக் கொண்டு வா. இங்கே சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் இழுவிசையும் காற்று ஊடுருவலும் பார்த்துவிடலாம். கூடவே, மாட்டாத புதுப் பையிலும் ஒரு துண்டு வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு பலம் போயிருக்கிறது என்று சொல்ல முடியாது.

உன் மச்சான்