அழைப்பிதழுக்கு ஒரு பதில்

திருவானைக்காவல்,
டிசம்பர் 2025

அன்புத் தோழிக்கு,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. மஞ்சள் தடவிய மூலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாமி படத்தடியில் வைத்திருக்கிறேன். இரட்டைப் பின்னலும் பள்ளிச் சீருடையுமாக நான் கடைசியாகப் பார்த்த உன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. பத்திரிகைக்குள் நீ மடித்து வைத்திருந்த தாளில், "இந்த முறையாவது தாலி கட்டும் நேரத்தில் என் பக்கத்தில் இரு" என்று ஒரு வரி இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக நீ ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி அந்த வரிக்குள் இருப்பதாக எனக்குப் பட்டது. அதற்கான பதில் தொலைபேசியில் எனக்குச் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

1999 ஆவணியில் கும்பகோணத்தில் உன் கல்யாணம். முதல் நாளே வந்து, உனக்கு மருதாணி வைத்து, இரவெல்லாம் உன்னருகிலேயே படுத்திருந்த நான், முகூர்த்த நேரத்தில் மணமேடையருகே இல்லை. உன் சித்தி என்னைத் தேடி மாடிவரை ஏறி இறங்கியதைப் பிறகு அறிந்தேன். கேட்டவர்களிடம் தலைவலி என்று சொன்னேன். அது பொய்.

அன்று காலையிலிருந்தே வீடியோக்காரரின் விளக்கு என் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. ஹோமப் புகையும் பன்னீரும் மல்லிகையும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து மூச்சில் ஏறின. புதுப் பட்டுப் புடவையின் ஜரிகை கழுத்தோரம் உரசிய இடம் நெருப்புப் பட்டதுபோல எரிந்தது. இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிட்டேன். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று சாஸ்திரிகள் கையை உயர்த்தினார். தவிலின் முதல் அடி என் பல்லிலும் நெஞ்சுக்கூட்டிலும் விழுந்தது. அங்கிருந்து எப்படி நடந்தேன் என்பது நினைவில்லை. உக்கிராண அறையில், தேங்காய் மூட்டைக்கும் வாழையிலைக் கட்டுகளுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் அழுத்தியபடி, தண்ணீர் தெளித்து வைத்திருந்த இலைக் கட்டின்மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தேன். அந்த ஈரக் குளிர்ச்சி இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது. சமையல்காரருடன் வந்திருந்த ஓர் அம்மாள் ஒரு தம்ளர் தண்ணீரை அருகில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு போனார். மேளம் நின்றபோது உன் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. ஒரே தோழியின் வாழ்க்கையில் வந்த அந்த ஒரு நிமிடம் உடன் நிற்க முடியாத நான் எப்படிப்பட்ட மனுஷி என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பிறகு ஏழு மாதங்கள் உனக்கு நான் எழுதாமல் இருந்தேனே, அது வெட்கத்தால்.

அந்தக் கேள்விக்குப் பதில் 2022-இல், என் 47-ஆம் வயதில் கிடைத்தது. எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது.

தங்கை மகனை நான்கு வயதில் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போனபோது அம்மாவும் நானும் உடன் போயிருந்தோம். பேச்சு எப்போது வந்தது, சாமான்களை வரிசையாக அடுக்குவானா, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அம்மா, "இதில் என்ன இருக்கிறது? இவளும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தாள்" என்று என்னைக் காட்டினார். புளியங்கொட்டைகளை நான் அளவுவாரியாகத் திண்ணை நெடுக அடுக்கிவைத்ததையும், ஒரு கொட்டை நகர்ந்தால்கூட மூச்சடைக்க அழுததையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1943-இல் பால்டிமோரில் லியோ கேன்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனியாக அடையாளம் காணப்பட்டதன் வரலாற்றைப் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அந்தக் குழந்தைகளில் சிலர் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் சத்தத்துக்கும், முட்டை அடிக்கும் கருவியின் சத்தத்துக்கும் நடுங்கினார்கள் என்று அவர் அப்போதே குறித்திருக்கிறார். ஆனால் சத்தம், ஒளி, தொடுகை ஆகியவற்றை உடம்பு மிகையாக வாங்கிக்கொள்வதையும் ஓர் அடையாளமாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு சேர்த்துக்கொண்டது 2013-இல்தான். கண்ணெதிரே எழுதிவைக்கப்பட்ட ஒன்று அளவுகோலுக்குள் வர 70 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. உக்கிராண அறையில் இருந்த 24 வயதுப் பெண்ணை நினைத்து அன்று அழுதேன்.

கேன்னரின் அந்த 11 பேரில் 8 பேர் ஆண்கள், 3 பேர்தான் பெண்கள். அன்று தொடங்கி நெடுங்காலம் இது பையன்களுக்கு வருவது என்றே மருத்துவர்களும் நினைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இதற்கு இன்னொரு திரையும் உண்டு. பெண் குழந்தை பேசாமல் இருந்தால் சமர்த்து, நிமிர்ந்து முகம் பார்க்காவிட்டால் அடக்கம், விளையாடப் போகாமல் மூலையில் புத்தகத்தோடு இருந்தால் பொறுப்பு. என் பிள்ளைப் பருவம் முழுக்க இந்தப் பாராட்டுகளால் நிரம்பியிருந்தது. அதே குணங்களுக்கு அலுவலகத்தில் சேர்ந்த பிறகு தலைக்கனம் என்று பெயர் வந்தது. இடையில் மாறியது என் வயது மட்டுமே.

மதிப்பீடு செய்யச் சொல்லி நான் முதலில் போன இரண்டு இடங்களில் பெரியவர்களுக்குப் பார்ப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில், "வேலைக்குப் போகிறீர்கள், கோவையாகப் பேசுகிறீர்கள், உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார்கள். கடைசியில் சென்னையில் ஒரு மருத்துவ உளவியலாளர் மூன்று அமர்வுகள் பொறுமையாகக் கேட்டார். அம்மாவிடமும் தனியாகப் பேசினார். அதற்கு முன் நானாகவே ஒரு வினாத்தாளை நிரப்பியிருந்தேன். 2001-இல் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்ட அதில் 50 கூற்றுகள் உண்டு. அது ஒரு முதல்கட்டச் சல்லடைதான், முடிவு சொல்லாது. வண்டி எண்களைக் கவனிப்பீர்களா என்று ஒன்று. விடுதி வாசலில் நின்று போகிற வண்டிகளின் எண்களை நான் முணுமுணுப்பதை நீ பார்த்திருக்கிறாய். விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போவதை விரும்புவீர்களா என்று இன்னொன்று. அங்கே வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் விசேஷத்துக்குப் போக விருப்பமா என்று யார் யாரைக் கேட்டிருக்கிறார்கள்? போகவேண்டும், போனேன், மறுநாள் முழுக்க இருட்டறையில் போர்வைக்குள் கிடந்தேன்.

நான் ஏன் ஆட்டிசம் என்ற சொல்லையே எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். நீ தமிழ் படித்தவள். மதியிறுக்கம் என்றும் புறவுலகச் சிந்தனையற்றவர் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். என் மதி எங்கும் இறுகிக்கிடக்கவில்லை. புறவுலகம் எனக்குத் தெரியாமல் போனதே கிடையாது. அடுத்த வீட்டு மிக்ஸி, தெருமுனை ஒலிபெருக்கி, எதிரில் இருப்பவரின் முகத்தில் ஓடும் சலிப்பு என எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கொட்டுவதுதான் என் பாடு. தன்னை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1911-ஐ ஒட்டி ப்ளாய்லர் என்ற சுவிஸ் மருத்துவர் உண்டாக்கிய பெயர்தான் ஆட்டிசம். அதுவும் உள்ளே ஒடுங்கிக்கொள்வதைத்தான் குறித்தது. இருந்தாலும் தமிழ்க் காதுக்கு அந்தப் பொருள் கேட்பதில்லை. அதனால் அது என்னைக் காயப்படுத்துவதில்லை. நல்ல தமிழ்ச் சொல் ஒன்றை, எங்களில் சிலரையும் அருகில் வைத்துக்கொண்டு, யாராவது ஆக்கித் தரவேண்டும்.

இனி உன்னைப் பற்றி. கோடை விடுமுறையில் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் பெரியப்பாவுக்கு நான் காபி கொண்டுபோனேன். "வேண்டாம்மா" என்றார், தம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்துவிட்டேன். எல்லாரும் திகைத்து நின்றபோது நீ மட்டும் பின்னாலேயே வந்து, "முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம்தான் வேண்டாம்" என்று சொல்லிக்கொடுத்தாய். அதை அன்றிரவு நோட்டில் எழுதிக்கொண்டேன். விடுதியில் நான் பிடித்த விஷயத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசி, கேட்பவர்கள் நெளிவதை அறியாமல் இருந்தபோதெல்லாம் மேஜைக்கடியில் என் மணிக்கட்டை ஒருமுறை அழுத்துவாய். நான் நிறுத்துவேன். மற்றவர்களுக்குத் தானாக வரும் பாஷையை எனக்கு இலக்கணமாகச் சொல்லித் தந்தவள் நீ. கல்லூரி முடிந்து நீ கும்பகோணம் போன பிறகு, அந்த அழுத்தல் இல்லாத கூட்டங்களில் நான் பேசுவதையே விட்டுவிட்டேன். என்ன சொல்ல வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று முந்தின இரவே ஒத்திகை பார்த்து, அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் முகத்தைச் சுமந்தேன்.

டேமியன் மில்ட்டன் என்பவர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு கருத்தை எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரின் மனம் புரிவதில்லை என்கிறீர்களே, மற்றவருக்கு எங்கள் மனம் புரிகிறதா, இது இரு கரையிலும் உள்ள இடைவெளி அல்லவா என்பது அவர் கேள்வி. 2020-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒருவர் காதில் சொன்ன கதையை அடுத்தடுத்தவர் கடத்தும் விளையாட்டைப் போன்ற சோதனை அது. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் கடத்தியபோது, மற்றவர்கள் தங்களுக்குள் கடத்தியதைப் போலவே செய்தி சேதமில்லாமல் போனது. இருவகையினரும் கலந்து நின்ற வரிசையில்தான் வேகமாகச் சிதைந்தது. எங்களுக்கு எங்களவர் போதும் என்று அதைப் படித்தபோது நினைத்தேன். இந்த 2025-இல், 300-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அதே சோதனையைப் பெரிதாகச் செய்து பார்த்ததில், கலந்த வரிசையிலும் அப்படியொரு இழப்பு தென்படவில்லை. இந்த முடிவைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நாம் இருவரும் கலந்த வரிசைதானே!

எங்களவர்களையும் இப்போது கண்டுகொண்டிருக்கிறேன். நடுவயதில் இதைத் தெரிந்துகொண்ட ஆறு பேர் ஞாயிறுதோறும் இணையத்தில் கூடுகிறோம். முகம் காட்டவேண்டிய கட்டாயம் கிடையாது. ஒருவர் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையின் பழைய மீட்டர் கேஜ் நாட்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவார். நாங்கள் ஆர்வமாகக் கேட்போம். அடுத்த வாரம் என் முறை. மணிக்கட்டை யாரும் அழுத்த வேண்டியதில்லாத இடம் உலகத்தில் இருக்கிறது என்று 47 வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன். மகிழ்ச்சியோடு ஒரு துக்கமும் கூடவே வருகிறது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று சாகும்வரை என்னைக் கடிந்துகொண்ட அப்பாவுக்கு இதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

ஆனாலும் அந்த ஆறு பேரால் நிரம்பாத ஓர் இடம் இருக்கிறது, அது உன்னுடையது. பரீட்சைக்கு முந்தின இரவுகளில் ஒரே விளக்கடியில், நீ சங்க இலக்கியமும் நான் கணக்குமாக, ஒரு பேச்சும் இல்லாமல் விடியும்வரை உட்கார்ந்திருப்போமே, அதைப் போன்ற நெருக்கம் எனக்கு வேறு எவரிடமும் வாய்க்கவில்லை. நான் தனிமையை விரும்புகிறவள் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் நம்பினேன். அந்த விளக்கடியைத்தான் இத்தனை ஆண்டுகளாகத் தேடியிருக்கிறேன். நான் கூப்பிடாவிட்டால் மறந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் இரண்டு வரி எழுது; எழுத்துக்கு அன்றே பதில் சொல்வேன்.

கல்யாணத்துக்கு அவசியம் வருகிறேன். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன், கூட்டம் சேர்வதற்குள் மண்டபம் எனக்குப் பழகிவிடும். காய் நறுக்குவது, தேங்காய் எண்ணுவது, தாம்பூலப் பைகளில் வெற்றிலை பாக்கு வைப்பது என்று வரிசையாகச் செய்யும் வேலை எதுவானாலும் என்னிடம் கொடு. வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கும் வேலை மட்டும் வேண்டாம். இது இரண்டாவது வேண்டாம். முகூர்த்தத்துக்கு நூல் புடவைதான் கட்டுவேன், உன் வீட்டார் யாரும் குறை சொல்லாமல் நீ பார்த்துக்கொள். காதுக்குள் வைத்துக்கொள்ளும் மெழுகு அடைப்பான் வாங்கியிருக்கிறேன். தவிலுக்கு அது முழுக்கத் தாங்காது என்றாலும் முதல் அடியை மட்டுப்படுத்தும். கெட்டிமேளம் முழங்கும்போது உன் வலப்பக்கம் நிற்கிறேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள், அழுத்தியே பிடி. மெல்லத் தொட்டால் எனக்குக் கூசும்.

மேளக்காரர்கள் மேடைக்கு எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்பதையும், உக்கிராண அறைச் சாவி அன்று யாரிடம் இருக்கும் என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் விடுதித் தோழி