சேர்க்கைக்கு முன் ஒரு கோப்பைக் காட்டுங்கள்

பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் நடத்தும் துறைகளின் தலைவர்களுக்கும் சேர்க்கைக் குழுவினருக்கும் வணக்கம்.

ஒன்பது ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்துவிட்டு, உங்கள் பட்டத்தைப் படித்து முடித்து, திரும்பவும் அதே அலுவலகத்தில் வேறோர் இருக்கைக்குப் போனவன் நான். அந்தப் படிப்பின் மேல் எனக்குக் குறை கிடையாது. அதை நீங்கள் விற்கும் விதத்தின் மேல்தான் குறை.

சென்ற மாதம், இளங்கலை முடித்து இரண்டு ஆண்டுகளான ஒரு பெண் நான்கு கல்வி நிறுவனங்களின் கையேடுகளோடு என்னிடம் வந்தார். எதில் சேரலாம் என்பது அவர் கேள்வி. நான்கையும் மேசையில் பரப்பினோம். நான்கின் அட்டையிலும் ஒலிவாங்கி முன்னால் கையை உயர்த்திப் பேசும் யாரோ ஒருவர். 'தலைமை' என்ற சொல் ஒரு கையேட்டில் மட்டும் 11 இடங்களில் இருந்தது. 'கொள்முதல்' ஓரிடத்திலும் இல்லை. 'தணிக்கை' இல்லை. 'கோப்பு' என்ற சொல்லை நான்கிலும் தேடினோம், அகப்படவில்லை. அரசுப் பணியில் சேர்பவரின் நாட்களில் பெரும்பகுதி இந்த மூன்றோடுதான் கழியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே மறைக்கிறீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. கையேட்டை விளம்பரப் பிரிவிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பாடம் நடத்தப் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணிடம், "எந்த இருக்கையில் உட்கார விரும்புகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். "மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஐயா" என்றார். நல்ல பதில்தான். ஆனால் அப்படிச் செய்வதற்கு எத்தனையோ இருக்கைகள் இருக்கின்றன. வரவு செலவுத் திட்டம் தயாரிப்பவர் ஒருவர், ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்து ஒப்பிடுபவர் இன்னொருவர். உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவரும் தொண்டு நிறுவனத்துக்காக நிதி கேட்டு எழுதுபவரும் மக்களுக்குச் செய்பவர்கள்தாம். ஒருவருக்கு வேண்டிய படிப்பு மற்றவருக்கு உதவாது. இந்தக் கேள்வியை உங்கள் விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை. 'சமுதாய மாற்றத்தில் உங்கள் பங்கு என்ன' என்று கட்டுரை கேட்கிறது. 23 வயதில் அதற்கு எல்லோருமே அழகாக எழுதிவிடுவார்கள்.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் MBA, MPA என்று வேறுபடும், தமிழில் சுருக்கி எழுதினால் வணிக நிர்வாகமும் எம்.பி.ஏ., பொது நிர்வாகமும் எம்.பி.ஏ. நான் சேர்ந்த செய்தி கேட்டு என் சித்தப்பா, "நல்லதுப்பா, எந்தக் கம்பெனிக்குப் போகப்போகிறாய்?" என்றார். இரண்டு ஆண்டுகளும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார், நானும் திருத்தவில்லை. அது போகட்டும், பொது நிர்வாகத்துக்கும் பொதுக் கொள்கைக்கும் உள்ள வேறுபாட்டையாவது நீங்கள் சொல்லலாம். கொள்கைப் பட்டம் முடிவெடுப்பதற்கு முந்தைய வேலைக்கானது. எந்தத் திட்டம் தேவலாம், எவ்வளவு செலவாகும், பலன் யாருக்குப் போகும் என்று பொருளியலையும் புள்ளியியலையும் வைத்துக் கணக்கிடும் வேலை அது. நிர்வாகப் பட்டம் முடிவெடுத்த மறுநாள் காலை தொடங்குகிற வேலைக்கானது. ஆளைப் போடுவது, பணத்தைப் பிரித்துக் கொடுப்பது, வேலையை வாங்குவது, கடைசியில் கணக்குக் காட்டுவது. இப்போது பல இடங்களில் இரண்டின் பாடங்களும் கலந்துவிட்டன என்பது உண்மை. அதனால்தான், பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுக் கட்டாயப் பாடங்களைப் பார்க்கச் சொல்லி மாணவருக்கு யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிவெடுத்த பிறகு செய்கிற வேலைக்கு ஒரு முதுகலைப் படிப்பு எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். என் கண்ணைத் திறந்தது ஓக்லண்ட் கணக்கு. 1966ல் அமெரிக்கக் கூட்டரசு ஓக்லண்ட் நகரத்துக்கு 2.3 கோடி டாலர் ஒதுக்கியது. வேலையின்றித் தவித்த சிறுபான்மை மக்களுக்கு ஏறக்குறைய 3,000 வேலைகள் கிடைக்கும் என்பது கணிப்பு. பணம் இருந்தது, பெரிய எதிர்ப்பு இல்லை, எல்லோருக்கும் நல்லெண்ணமும் இருந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது நினைத்ததில் மிகச் சிறு பகுதியே நடந்திருந்தது. ஏன் என்று ஆராய்ந்த ஜெஃப்ரி பிரஸ்மனும் ஆரன் வில்டாவ்ஸ்கியும் 1973ல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தத் திட்டம் 30 முடிவுப் புள்ளிகளை, அதாவது யாராவது முடிவெடுத்தால்தான் மேலே நகரும் கட்டங்களைக் கடந்து, மொத்தம் 70 ஒப்புதல்களைப் பெற வேண்டியிருந்தது என்று அவர்கள் எண்ணிக் காட்டினார்கள்.

பேராசிரியர் எங்களைக் கணிப்பானை எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு ஒப்புதலும் கிடைப்பதற்கு 80 விழுக்காடு வாய்ப்பு என்றால், எழுபதும் கிடைக்கும் வாய்ப்பு கோடியில் இரண்டுக்கும் குறைவு. சரி, எல்லோரும் தங்கமானவர்கள், 99 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் பாதியைத் தொடவில்லை. கெட்டவர் ஒருவர்கூட இல்லாமலே ஒரு திட்டம் சாகும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு என் பழைய கவுன்ட்டர் நினைவுக்கு வந்தது. கணவரை இழந்த ஒரு மூதாட்டியின் ஓய்வூதிய விண்ணப்பம். கணவரின் பெயர் ஒரு சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருந்தது. திருத்தி வரும்படி திருப்பி அனுப்பினேன். திருத்தி வந்தார், தேதி காலாவதியாகிவிட்டது என்று மறுபடி அனுப்பினேன். மூன்றாம் முறை அவர் வந்தபோது, அந்தத் தாளின் இடது மூலையில் குண்டூசி குத்திக் குத்தி ஏழெட்டு ஓட்டைகள் விழுந்து, அவற்றைச் சுற்றித் துருக்கறை படிந்திருந்தது. மூலை கிழிந்துவிடும் என்று அவரே அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார். நான் செய்த ஒவ்வொன்றும் விதிப்படி சரி. என் மேல் எந்தத் தணிக்கை ஆட்சேபணையும் வராது.

படித்துத் திரும்பியபின் அந்த வகைக் கோப்பு எத்தனை மேசைகளைத் தாண்டுகிறது என்று எண்ணினேன். ஒன்பது. அவற்றில் நான்கில் கையொப்பத்தைத் தவிர வேறெதுவும் சேரவில்லை. அந்த நான்கில் இரண்டை நீக்கவும், பெயரில் ஓர் எழுத்து மாறினால் சுய உறுதிமொழியே போதும் என்று மாற்றவும் எனக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நான் விடுப்பெடுத்தபோது சொன்ன சக ஊழியர்தான், நீக்கப்பட்ட இரண்டு கையொப்பங்களில் ஒன்றைப் போட்டுவந்தவர். இப்போதும் நாங்கள் நண்பர்கள்தாம்.

இதை உங்கள் கையேட்டில் போடுங்கள் என்கிறேன். பரபரப்பாக இருக்காது, தெரியும்.

நீங்கள் நடத்துவதில் மிகச் சிறந்ததை நீங்களே ஒளித்துவைக்கிறீர்கள் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. எனக்கு வரவு செலவுப் பாடம் நடத்தியவர் நிதித் துறையில் ஓய்வுபெற்றவர், பகுதிநேர ஆசிரியர். முதல் வகுப்பில், துறைகள் தங்கள் செலவுக்குச் சட்டமன்றத்திடம் கேட்கும் தொகைகளைப் பட்டியலிடும் தடித்த மானியக் கோரிக்கைப் புத்தகத்தை ஆளுக்கொன்று கொடுத்து, மூன்று நெடுவரிசைகளை மட்டும் பார்க்கச் சொன்னார்: போன ஆண்டில் உண்மையில் செலவானது, இந்த ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்குக் கேட்பது. "செய்தித்தாள் மூன்றாவதை எழுதும். நீங்கள் முதலாவதிலிருந்து படியுங்கள்" என்றார். ஒவ்வோர் ஆண்டும் பெரிதாக அறிவிக்கப்பட்டு, பாதியில் சத்தமில்லாமல் வெட்டப்பட்டு, அடுத்த ஆண்டு மறுபடி பெரிதாக அறிவிக்கப்படும் தலைப்புகளை நாங்கள் பென்சிலால் வட்டமிட்டோம். ஒரு பருவம் முழுக்க அதே வேலை. இன்றும் எந்த அறிவிப்பைக் கேட்டாலும் என் கண் முதல் நெடுவரிசையைத்தான் தேடுகிறது. அவருடைய பெயர் கையேட்டின் ஆசிரியர் பட்டியலில் இல்லை, பகுதிநேரக்காரர்களைப் போடும் வழக்கம் இல்லையாம்.

இந்தப் படிப்பு பிறந்ததே கணக்குப் புத்தகத்திலிருந்துதான் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். அரசியல் சட்டத்தை எழுதுவதைவிட நடத்துவது கடினமாகி வருகிறது என்று, பின்னாளில் அமெரிக்க அதிபரான உட்ரோ வில்சன் 1887ல் எழுதியதிலிருந்து நீங்கள் வரலாற்றைத் தொடங்குவீர்கள். நான் 1911லிருந்து தொடங்குவேன். நகராட்சிகளின் வரவு செலவைக் குடைந்து பார்த்துக்கொண்டிருந்த நியூயார்க்கின் ஓர் ஆய்வு நிறுவனம், அந்த ஆண்டில் பொதுப்பணிக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் திறந்தது. அந்த மரபுதான் 1924ல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் பள்ளியில் முதுகலைப் பட்டமாக உருவெடுத்தது. 1978ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் முடிவெடுக்கும் விதம் பற்றிய அவருடைய சிந்தனை, மாணவராக இருந்தபோது மில்வாக்கி நகரின் விளையாட்டு மைதானங்களுக்கான பணத்தைப் பற்றி எழுந்த ஒரு சச்சரவைப் பார்த்ததில் தொடங்கியது. பராமரிப்புக்கு எவ்வளவு, பிள்ளைகளை வழிநடத்தும் ஆட்களுக்கு எவ்வளவு என்று இரண்டு அமைப்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. மைதானத்துச் சண்டையில் நோபலுக்கான விதை கிடக்கும்போது, அட்டைப்படத்துக்கு ஒலிவாங்கி எதற்கு?

அடுத்தது வேலை. "உயர் பதவிகளுக்கான நுழைவாயில்" என்று ஒரு கையேடு சொல்கிறது. எந்த நாட்டில், எந்த வாயில்? 1854ல் நார்த்கோட், டிரெவெலியன் இருவரும் பிரிட்டன் அரசுப் பணியைப் பற்றிய தங்கள் அறிக்கையில் பரிந்துரைத்த போட்டித் தேர்வு முறையைப் பின்பற்றும் நாடுகளில் வாயில் தேர்வுதான். உங்கள் பட்டம் தேர்வறையின் உள்ளே கொஞ்சம் உதவலாம், தேர்வுக்குப் பதிலாக நிற்காது. பிரான்சில் பள்ளியே வாயிலாக இருந்தது. 1945ல் தொடங்கிய அந்தத் தேசிய நிர்வாகப் பள்ளியை மூடி, 2022லிருந்து வேறொரு நிறுவனத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களைக் கூட்டரசுப் பணிக்குள் எடுத்துக்கொள்ள 1977லிருந்து ஒரு தனித் திட்டம் இருந்தது. அதையே குறிவைத்து எத்தனையோ பேர் படித்தார்கள். 2025 பிப்ரவரியில் அதிபரின் ஓர் ஆணை அதை முடித்துவைத்தது. வாயிலின் சாவி உங்கள் கையில் இல்லை என்பதைச் சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் விண்ணப்பங்கள் குறையும் என்று அஞ்ச வேண்டாம், குறைகிறவர்கள் குறையட்டும்.

அங்கீகாரம், தரவரிசை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதுகிறார்கள், நான் தாண்டிப் போகிறேன். பணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அரசு ஊதியம் எவ்வளவு என்பது ஒளிவுமறைவில்லாத செய்தி, ஊதிய விகிதம் பொதுவில் கிடைக்கிறது. உங்கள் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டுகிறவர் அந்த ஊதியத்தில் அதை எத்தனை ஆண்டுகளில் அடைப்பார் என்ற கணக்கை, நிதி நிர்வாகம் கற்றுத்தரும் ஒரு துறை தன் கையேட்டில் போட முடியாதா?

நான் கேட்பது அதிகமில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர்கள் இன்று எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், பதவி போதும். கிடைக்காதவர்களையும், துறை மாறிப் போனவர்களையும் சேர்த்து வெளியிடுங்கள். களப்பயிற்சி என்று போட்டிருக்கிறீர்களே, அதில் மாணவர் கையில் கோப்பு வருமா, அல்லது கருத்தரங்குக்கு நாற்காலி போடுவாரா என்று தெளிவாகச் சொல்லுங்கள். எனக்குக் கோப்பு வந்தது. என் வகுப்புத் தோழர் ஒருவர் இரண்டு மாதம் வரவேற்புரைகள் எழுதிவிட்டு வந்தார். இருவருக்கும் ஒரே மதிப்பெண்.

கல்லூரியிலிருந்து நேராக வருகிறவர்களில் சிலரையாவது, "இரண்டு ஆண்டு எங்காவது வேலை பார்த்துவிட்டு வாருங்கள், இடம் வைத்திருக்கிறோம்" என்று திருப்பி அனுப்பும் துணிவும் உங்களுக்கு வேண்டும். துருக்கறை படிந்த ஒரு தாளைக் கையில் வாங்கியிராவிட்டால் ஓக்லண்ட் கணக்கு எனக்கும் வெறும் கணக்காகவே போயிருக்கும். எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வகுப்பிலேயே கல்லூரியிலிருந்து நேராக வந்து, எங்களையெல்லாம் விடக் கூர்மையாகக் கேள்வி கேட்ட ஒருவர் இருந்தார். ஆனால் அவர் தம் ஊராட்சியின் கணக்குப் புத்தகத்தைப் பதினாறு வயதில் கேட்டு வாங்கிப் படித்தவர்.

என்னிடம் வந்த பெண் இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டாம் முறை வந்தபோது, விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் இருக்கையாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் என்ன மாற்ற முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து மூன்று கேள்விகள் எழுதினோம்: வரவு செலவுப் பாடத்தை நடத்துபவர் எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர், களப்பயிற்சியில் போன ஆண்டு மாணவர்கள் என்ன எழுதிக் கொடுத்தார்கள், ஐந்தாண்டுகளுக்கு முன் முடித்தவர்கள் இன்று எங்கே? நான்கு துறைகளுக்கும் அனுப்பியிருக்கிறார். மூன்று வாரம் ஆகிறது. ஒரு துறையிலிருந்து மட்டும் பதில் வந்தது. பிரித்துப் பார்த்தால் அதே கையேடு, இந்த முறை வண்ணத்தில்.

மற்ற மூன்று கடிதங்களும் உங்களில் யாருடைய மேசையிலாவது இருக்கும். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. அதற்குள் பதில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்